கதவுக்கு இந்தப் பக்கம்

சின்னவனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முகவரியை உன் அக்காவிடம் வற்புறுத்தித்தான் வாங்கினேன், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். முப்பத்தொரு வருடம் நான் எழுதியதெல்லாம் லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டில் மூன்று மூன்று வரிகள்தான்: என்ன பழுது, என்ன காரணம், எப்போது சரியானது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. இடது கண்ணுக்கு அறுவை முடிந்தது. அம்மா இருந்த அறையில் மழைக்கு ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இரண்டு நாளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, மூன்று நாளுக்குச் சேர்த்துத் திட்டிவிட்டுப் போகிறாள்.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அன்றைக்கு நீ வந்தாய், செய்ய வேண்டியதைச் செய்தாய், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனாய். வேலை அவசரம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

போன மாதம் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, "உங்க பையன் பேரு போட்டு நாடக போஸ்டர் ஒட்டியிருக்காங்களே, பாக்கலையா?" என்றார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்துதான் சுவர் சுவராகத் தேடினேன். மருந்துக்கடைப் பக்கத்துச் சந்தில் இருந்தது. உன் பெயர் அடியில், சின்ன எழுத்தில். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.

நான் அரங்குக்குப் போய் நாடகம் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கு ஆசை இருந்தது. வேஷம் போடுகிறவனைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டுக் கேட்டே அவள் ஆயுளைக் கழித்துவிட்டேன். அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டேன். "நான் வரலை. நீங்களும் போக வேணாம்ப்பா" என்றாள். ஏன் என்று கேட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். அவள் முன்பே பார்த்துவிட்டாள் என்பது இப்போது தெரிகிறது.

சனிக்கிழமை மூன்று மணிக் காட்சிக்குத் தனியாகப் போனேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டேன். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "இதை எழுதினவன் என் பையன்தாம்மா" என்றேன். அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "அப்ப நீங்க பின்னால உக்காரக் கூடாதுங்கய்யா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் வரிசையின் நடுவில் உட்கார வைத்தாள். மாப்பிள்ளை மாதிரி நடந்து போனேன். சினிமாவைப் போல இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் சினிமாவில் இருப்பவன் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

விளக்கு அணைந்தது. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, காதில் பென்சில் செருகிக்கொண்டு ஒரு தாடிக்காரர் வந்தார். லிஃப்ட் மெக்கானிக். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மாளிடம், ஸ்க்ரூடிரைவரைத் தப்பாகப் பிடிக்கிறார் என்றுகூடச் சொன்னேன். அப்புறம் அவர் சாப்பாட்டுத் தட்டைக் காலால் தள்ளிவிட்டு, "என் சோத்தைத் தின்னுட்டு என்கிட்டயே வாயா?" என்றார்.

அது என் வார்த்தை. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பெல்ட். கிழித்த ஓவிய நோட்டு. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து அம்மாள் என் பக்கம் சாய்ந்து, "இப்படியும் ஒரு அப்பனா" என்றாள். ஆமாம்மா என்றேன். எழுந்து போயிருக்கலாம். முதல் வரிசையிலிருந்து எழுந்தால் மேடையிலிருப்பவர்களுக்குத் தெரியும். வாசலில் அந்தப் பெண் நிற்கிறாள். இடைவேளையிலும் நகரவில்லை. நான் சர்க்கரைக்காரன், மூத்திரம் முட்டியது. அப்படியும் நகரவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டுவந்தார்கள். உனக்குப் பத்து வயது. மெக்கானிக் பிள்ளைக்கு லிஃப்டில் ஏறப் பயமா என்று என்னோடு வேலை செய்தவர்கள் சிரித்தார்கள் என்பதற்காக, ஆளில்லாத அந்த ஆபீஸ் கட்டடத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேனே, அந்த ஞாயிறு. மேடையில் மரச்சட்டத்தில் ஒரு பெட்டி. உள்ளே பையன். தாடிக்காரர் மேலே போய் மெயின் சுவிட்சை அணைக்கிறார். பையன் அப்பா அப்பா என்று தட்டுகிறான்.

அப்புறம் நீ எழுதியிருப்பது. அந்த ஆள் இறங்கி வருகிறார். மூடிய கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். பையன் தட்டும்போதெல்லாம் அவர் தோள் குலுங்குகிறது. திறக்கப் போகிறார், நிறுத்திக்கொள்கிறார். பயம் போகட்டும், பயம் போகட்டும் என்று வாய்க்குள் முணுமுணுக்கிறார். அரங்கில் ஒரு இருமல் சத்தம் இல்லை. பக்கத்து அம்மாள் அழுதுகொண்டே, "பாவம், அந்த ஆளுக்கும் உள்ளுக்குள்ள இருந்திருக்கு" என்றாள்.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் தட்டினேன். தாடிக்காரர் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். டிக்கெட் கொடுத்த பெண் சொல்லியிருக்கிறாள். பெரியவங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிக்கணும் என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் தயங்கித் தயங்கி, "அந்தக் கதவுகிட்ட நிக்கிற இடம் மட்டும் எனக்குச் சரியா வந்துச்சாய்யா? அன்னைக்கு அப்படித்தான் நின்னீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம், அப்படித்தான் நின்றேன் என்றேன்.

சின்னவனே, நான் நிற்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, மாடிப்படியில் இறங்கி, தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனேன். டீ குடித்தேன். வாட்ச்மேனும் இன்னும் இருவரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கை குறைகிறது என்றார்கள், உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நல்ல சீட்டு விழுந்தது. உன் நாடகத்தில் அது பத்து நிமிடம். உண்மையில் முக்கால் மணி நேரம். நீ தட்டியது எனக்குக் கேட்கவே இல்லை. கதவைத் திறந்தபோது நீ நனைந்துபோய் மூலையில் உட்கார்ந்திருந்தாய். நான் பேசியது என்ன என்பது உனக்கே தெரியும், அதையும் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் இல்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது என்று எழுதினால் பொய். நன்றாகத்தான் தூங்கினேன். சனிக்கிழமைக்குப் பிறகுதான் தூக்கமில்லை. நாடகத்துக்காக அப்படி எழுதினாயா, அல்லது உள்ளே இருந்தபோதே அப்பா வெளியே நிற்கிறார் என்று நினைத்துத்தான் தட்டிக்கொண்டிருந்தாயா? இரண்டாவது என்றால் எனக்குச் சொல்லாதே.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அதை வாங்கிக்கொண்டு இந்த வயதில் என்ன செய்யப்போகிறேன்? அரங்கு முழுக்க இரக்கப்பட்ட அந்த ஆளை நீயாக உண்டாக்கினாய். உனக்கு அப்படி ஒருவன் தேவைப்பட்டிருக்கிறான். இந்தக் கடிதத்தால் அவனையும் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அனுப்பாமல் இருக்கலாமா என்று, இதுவரை எழுதியதை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். பொய்க்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு சாக முடியவில்லை.

பதில் போட வேண்டும் என்றில்லை. நீ ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறாய், இன்றுவரை படியேறித்தான் போகிறாய் என்று அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நம் குடும்பத்தில் எவருக்கும் முழங்கால் திடமில்லை. கையில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறாதே. மாடிக்கு ஒரு தரம் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக ஏறு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா