பென்சிலில் அம்மாவின் முகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

தோத்திரம். மூட்டு வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளியில் பாடம் நடத்திவிட்டு அறைக்கு வந்ததும் பென்சிலை எடுத்துவிடுவேன். ராயப்பேட்டையில் என் ஜன்னலுக்குக் கீழே போகிறவர்களை எல்லாம் வரைந்தாயிற்று. இளநீர்க்காரர் அரிவாள் பிடிக்கும் விதம்கூட எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை உங்களை வரையத் தோன்றியது. வீட்டுக்காரர் மனைவி சகினா பிரியாணி கொடுக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, உங்க தங்கச்சியா? ஜாடை அப்படியே கீது!"

"எங்க அம்மா."

"அம்மாவா? உங்களவிட சின்னவங்களா கீறாங்களே! இன்னா சோப்பு போடுறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

இருவரும் சிரித்தோம். அவள் போன பிறகுதான் கவனித்தேன். நான் கல்லூரிக்குப் போன காலத்து முகத்தை வரைந்திருக்கிறேன். அதற்கப்புறம் உங்களை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஊருக்கு வந்தாலும் நீங்கள் அடுப்படியில் நிற்கிறீர்கள், நான் தூங்குகிறேன், பிறகு பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.

பல் விழுந்ததாக எழுதியிருந்தீர்களே, மேல்பல்லா, கீழ்ப்பல்லா? எந்தப் பக்கம்? இப்போதும் நடுவகிடுதான் எடுக்கிறீர்களா? தம்பியிடம் போட்டோ கேட்க வெட்கமாக இருக்கிறது.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போக வேண்டும். அரையாண்டு லீவில் வருவேன். எனக்காக எதுவும் சமைக்காதீர்கள். வெளிச்சத்தில் என் எதிரே சும்மா உட்கார்ந்திருங்கள்.

உங்கள் மகள்,
லூயிசா