பழுப்பு முத்திரை நோட்டு

பாயா ரும்புட்,
மலாக்கா.

அன்பு மகள் தேவிஸ்ரீக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். கைப்பேசியிலேயே சொல்லியிருக்கலாம். நீ வேலையில் இருப்பாய், "அப்புறம் பேசுறேன்பா" என்பாய். அதனால்தான் கடிதம்.

மெர்லிமாவ் மாயாண்டி மாமா காலமாகிவிட்டார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். என்னைப் போலவே பழைய அமெரிக்க நோட்டு சேர்த்தவர். இந்தப் பக்கத்தில் அந்தப் பைத்தியம் எங்கள் இருவருக்கும்தான்.

அவரிடம் ஒரு டாலர் நோட்டு ஒன்று இருந்தது. பழுப்பு முத்திரை, பின்புறம் பெரிதாக 'ஹவாய்' என்ற எழுத்து. போரில் ஜப்பான்காரன் அந்தத் தீவைப் பிடித்தால், அங்கே சிக்கிய நோட்டை மட்டும் செல்லாது என்று சொல்லிவிட அப்படி அச்சடித்தார்களாம். "நம்ம தாத்தாமாருக்கு ஜப்பான்காரன் வாழமரம் போட்ட நோட்டக் குடுத்து ஏமாத்துனான், போர் முடிஞ்சதும் வெறும் காகிதம். அமெரிக்காக்காரன் உஷாரு லா" என்று சிரிப்பார்.

என்னிடம் இருப்பது மஞ்சள் முத்திரை. அதே போரில் வட ஆப்பிரிக்கா போன படைக்காக அச்சடித்தது. அவருக்கு இதன்மேல் கண், எனக்கு அதன்மேல். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கும்போதெல்லாம், "மாத்திட்டா அப்புறம் நீ எதுக்குய்யா மெர்லிமாவ் வரப்போற?" என்பார்.

கருமாதி முடிந்ததும் அவர் சம்சாரம் பெரியநாயகி அக்கா அந்த நோட்டை என் கையில் வைத்தார். "எடுத்துக்குங்க தம்பி, இங்க யாருக்கும் இதோட அருமை தெரியாது" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எத்தனை வருட ஆசை! யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. காட்டினால் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மறு ஞாயிறு மோட்டாரில் போய்த் திருப்பிக் கொடுத்தேன். "இங்கயே இருக்கட்டும்கா, நான் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்" என்றேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் ராகினி ஜொகூருக்கு அழைத்துப் போகிறாளாம். வீட்டைப் பூட்டப் போகிறார்களாம். கோப்பி குடித்துவிட்டு நோட்டோடு திரும்பி வந்தேன்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. ஒரு வேளை சமைத்தால் இரண்டு நாளைக்கு வருகிறது.

அப்புறம், தீபாவளிக்கு வழக்கம் போல அங்கிருந்து பழைய நோட்டு எதுவும் வாங்கி அனுப்பாதே அம்மா. தபாலில் வந்தால் மடங்கிவிடுகிறது. கையில் கொண்டுவந்தால் மடங்காது.

முருகன் உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும்.

உன் அப்பா
தனபாலன்