தையலுக்கு விடும் இடம்

மார்ச் 4, செவ்வாய்

அக்காவுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க முடியாது. தகவல் தந்தவர்: ஸ்கேன் சென்டர் வரவேற்பாளர். இடம்: காத்திருப்பு அறை, அத்தனை பேர் காதிலும் விழும்படி.

"இவங்க உடம்புக்கு மெஷின் பத்தாதுங்க."

"யாரு அளந்து பாத்தது?" என்றாள் அக்கா.

யாரும் அளக்கவில்லை.

"நான் தையல்காரி. நானே கண்ணால அளவெடுக்கறதில்ல தம்பி."

யாரோ சிரித்தார்கள்.

வலது கால் அடிக்கடி மரத்துப்போகிறது. தையல் மெஷினை மிதிக்கும் கால். முதுகை ஸ்கேனில் பார்க்காமல் வைத்தியம் தொடங்க முடியாது என்கிறார் டாக்டர்.

மார்ச் 5

கடை திறக்கவில்லை. தலைவலியாம். அவளுக்கு என்னிக்கு தலை வலிச்சிருக்கு?

மார்ச் 6

ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியனிடமே போனில் கேட்டேன். படுக்கை எடையைத் தாங்கும், மெஷினின் வாய் அகலம்தான் கேள்வி என்றார் அந்தப் பெண். "ஒருதடவை படுத்துப் பாக்கட்டுமே சார்."

அக்கா ஒப்பவில்லை. "பாதியில மாட்டிக்கிட்டா எல்லாரும் வந்து இழுக்கவா? முதல்ல அளக்கணும்டா."

மார்ச் 8, சனி

தையல் டேப்போடு போனோம். ஸ்கேன் அறை வாசலிலேயே டெக்னீஷியன் மறித்தார். "நுனியில தகடு இருக்கேம்மா. உள்ள காந்தம்."

அக்கா வாசலில் நின்றே பையிலிருந்த கத்திரியால் இரண்டு நுனியையும் நறுக்கினாள். கத்திரி என் கையில், டேப் உள்ளே.

"இப்ப பூஜ்யம் எங்கம்மா?"

"பத்துலேருந்து ஆரம்பிச்சா போச்சு."

முதலில் மெஷினை அளந்தாள். பிறகு கையை மார்பில் கட்டிக்கொண்டு, டெக்னீஷியனிடம் தன்னை அளக்கச் சொன்னாள். கணக்குப் பார்த்தாள்.

"தையலுக்கு விடற அளவுக்கு இடம் இருக்கு. போதும்."

ஆனால் ஸ்கேனுக்குப் போட்டுக்கொள்ள அவர்கள் தந்த கவுன் முதுகில் சேரவில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்றார்கள்.

"நான் என்ன தலையணையா? திங்கக்கிழமை வரேன்."

மார்ச் 9

இன்று கடை திறந்திருந்தது. வெளிர்நீலப் பருத்தியில் தனக்கொரு கவுன். கொக்கி இல்லை, பட்டன் இல்லை, எல்லாம் நாடா. தைக்கும்போது பாட்டு வேறு.

மார்ச் 10, திங்கள்

ஸ்கேன் முடிந்தது. நாங்கள் போனதுமே வரவேற்பாளர் எழுந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "உள்ள வாங்கம்மா" என்றார்.

"என்னப்பா, இன்னிக்கு மட்டும் ரகசியமா?"

அவரும் சிரித்துவிட்டார். வெளியே வந்தவள் சொன்னது: "உள்ள ஒரே தடதடப்பு. நம்ம பழைய தையல் மெஷின் மாதிரியே. அதான் தூங்கிட்டேன்."

காத்திருந்த கனத்த மனிதர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இந்த கவுன் எங்கம்மா வாங்கினீங்க?"

டெக்னீஷியன் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மார்ச் 11

சென்டரிலிருந்து போன்: பெரிய அளவில் ஆறு கவுன் வேண்டும், வியாழன் மாலைக்குள். ஸ்கேன் ரிப்போர்ட்டும் வியாழன் மாலைதான் வரும். அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

அக்கா இடது காலால் மிதிக்கிறாள். தையல் நேராகத்தான் வருகிறது.