கார்டு வழியில் இருக்கிறது

அக்கா,

இன்று காலை வீட்டுக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்துகொண்டிருந்த நேரத்தில் தபால்காரர் வந்துபோயிருக்கிறார். பொழிச்சலூரில் குடியிருப்பவனுக்கு இது புதிதில்லை. விமானம் போகும்போது வாசல் மணியும் கேட்காது, குக்கர் விசிலும் கேட்காது. கதவைத் திறந்தால் செருப்புகளுக்கு நடுவே ஒரு போஸ்ட்கார்டு கிடந்தது. முகவரிப் பக்கம் மேலே தெரிந்தது. பச்சை மை. உங்கள் பச்சை.

குனிந்து எடுக்கும்வரை நீங்கள் இறந்துபோனது எனக்கு நினைவில் இல்லை. "அக்கா கார்டு வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துக் குரலும் கொடுத்துவிட்டேன். என் மனைவி ஈரக் கையோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. உங்கள் எழுத்து முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். இது ஒரு பக்கமாகச் சாய்ந்து, சொல்லுக்குச் சொல் மை கொட்டிக் கிடந்தது. எழுதியவர் உங்கள் வீட்டுக்காரர். சட்டைப் பையில் பால்பாயின்ட் தவிர வேறு பேனாவைச் செருகியே பார்க்காத மனிதர். என்ன எழுதியிருக்கிறார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில் அந்த டிபன் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைப் பேனாக்காரர்கள் கூடுவோமே, அங்கேதான் உங்களை முதலில் பார்த்தேன். பார்த்த அன்றே சண்டை. நான் நீலக் கட்சி. மை என்றால் நீலம், மற்றதெல்லாம் கலர் தண்ணீர் என்று பொதுவாகத்தான் சொன்னேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து வடையைச் சாம்பாரில் அமுக்கிக்கொண்டே, "ஆபீஸ்ல பச்சை இங்க்ல கையெழுத்துப் போடணும்னா கெஜட்டட் ஆபீசரா இருக்கணும் தம்பி. நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஆக மாட்டேன். அதனால என் கார்டுல நானே ஆபீசர்" என்றீர்கள். எந்தக் கார்டு என்று கேட்டேன். முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். அந்த வாரமே முதல் கார்டு வந்தது. "நீலம் எழுதுபவருக்கு, பச்சை எழுதுபவள்" என்று ஆரம்பித்திருந்தீர்கள்.

நம் கூட்டத்தில் பலர் கெட்டியான படக் கார்டு வாங்கி, தபால்தலை ஒட்டி, சித்திரம் மாதிரி எழுதி அனுப்புவார்கள். உங்களுக்கு அது ஆகாது. தபாலாபீசில் விற்கும் சாதா மஞ்சள் கார்டுதான். அந்தக் காகிதத்தில் மை ஊறிப் பூனை மீசை மாதிரி பரவும் என்று நான் முறையிட்டால், "நல்ல பேப்பர்ல எல்லாருந்தான் அழகா எழுதுவாங்க" என்பீர்கள். மூலையில் எந்தப் பேனா, எந்த மை என்று குறிக்க வேண்டும் என்பது கூட்டத்தின் பொது வழக்கம். உங்களுக்கும் எனக்கும் மட்டும் இன்னும் இரண்டு விதிகள் வைத்தீர்கள். மூடிய உறைக்குள் எதுவும் போகக் கூடாது. கார்டில் எழுதியதைப் போனிலோ நேரிலோ சொல்லவே கூடாது.

இந்த இரண்டாவது விதியால் நாம் பட்ட பாடு கொஞ்சமா? ஒரு ஞாயிறு கூட்டத்துக்கு வருவீர்களா என்று நான் கார்டில் கேட்டேன். வருகிறேன், சேர்ந்து போகலாம், பல்லாவரத்தில் நில்லுங்கள் என்று நீங்கள் கார்டில் பதில் போட்டீர்கள். அது கூட்டம் முடிந்து திங்கட்கிழமைதான் வந்து சேர்ந்தது. ஞாயிறன்று நீங்கள் வேறு ஏதோ வேலையாகப் பல்லாவரம் வந்து, வெயிலில் நின்று, என்னைத் திட்டிக்கொண்டே மாடியேறி வந்தீர்கள். "ஏன்க்கா, ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றேன். "பண்ணா கார்டு கெட்டுப்போயிடுமே" என்றீர்கள், பால் திரிந்துவிடும் என்கிற மாதிரி. உங்கள் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "முடிச்சூருக்கும் பொழிச்சலூருக்கும் நடுவுல தபாலா? பைக் எடுத்தா போய் சொல்லி முடிச்சுட்டு வந்துடலாம்" என்பார். "முடிக்கத்தான் பிடிக்கல" என்பீர்கள்.

மூடக் கூடாது என்ற விதியில் எனக்கு ஆரம்பத்தில் கூச்சம் இருந்தது. திறந்த கார்டை யார்தான் படிக்க மாட்டார்கள்? எங்கள் வீட்டில் என் மனைவிதான் முதல் வாசகி. கதவிலிருந்து சமையலறை போவதற்குள் படித்து முடித்து, "உங்க அக்கா வூட்டு முருங்கை காத்துல சாஞ்சிடுச்சாம்" என்று எனக்குத் தலைப்புச் செய்தி வாசிப்பாள். உங்கள் பக்கத்தில் முடிச்சூர்த் தபால்காரர். அவர் வெறுமனே படிக்கிறவர் இல்லை, கருத்தும் சொல்கிறவர். முடிச்சூரில் வெள்ளம் புகுந்த வருடம் என் கார்டுகள் எல்லாம் நனைந்து ஒரே நீலமாகிவிட்டன என்று எழுதினீர்கள். "ஒரு எழுத்தும் தெரியவில்லை. என்னென்ன சொன்னீர்களோ, நினைவிருப்பதை மறுபடி எழுதுங்கள்." நானும் மெனக்கெட்டு எழுதினேன். அவற்றைக் கொடுக்கும்போது தபால்காரர், "இதெல்லாம் முன்னாடியே வந்துச்சே" என்றாராம்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் இளைத்திருந்தீர்கள். டிபன் கடை மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினீர்கள். "என்னக்கா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"கார்டு வழியில இருக்கு தம்பி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரோ கொண்டுவந்திருந்த பழைய பேனாவின் நிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதித்தீர்கள். அன்று எல்லோரையும்விட அதிகம் சிரித்ததும் நீங்கள்தான்.

கார்டு வந்தது. மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள். தலைப்புச் செய்தி எதுவும் வரவில்லை. கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நீங்கள் எழுதியிருந்தது இன்றும் எனக்கு மனப்பாடம். "மார்பில் ஒரு கட்டி. சோதித்தாயிற்று. நல்ல கட்டி இல்லையாம். இன்னும் இரண்டு வாரத்தில் ஆபரேஷன். சென்ற கார்டில் உங்கள் நீலம் வெளிறியிருந்தது. தண்ணீர் கலந்தீர்களா? பேனா: பழைய கறுப்பு. மை: பச்சை."

எனக்குக் கோபம் வந்தது அக்கா. இதைப் போய் கார்டில் எழுதுவார்களா? எத்தனை கை மாறி வந்திருக்கும், எத்தனை பேர் படித்திருப்பார்கள்? உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறவன் போல, வெள்ளைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதி, உறையில் போட்டு, நாலு புறமும் பசை தடவி அனுப்பினேன். ஆறுதல், தைரியம், தெரிந்த டாக்டர், கேள்விப்பட்ட கஷாயம் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில், யாரும் பார்க்கப்போவதில்லை என்ற துணிச்சலில், எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு வரியும் இருந்தது.

உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. கூடவே தனியாக ஒரு கார்டு. "உங்கள் கவரை நான் பிரிக்கவில்லை. கட்டி வந்தது எனக்கு, விதிக்கு இல்லை. ஊரே படித்தாலும் பரவாயில்லை என்று நினைப்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். மூடி எழுதினால் நான் ஏற்கெனவே போய்விட்ட மாதிரி இருக்கிறது."

அந்தக் கடைசி வரியை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் பருப்பு நனையப் போட்டுக்கொண்டிருந்தாள். "சரியாத்தானே சொல்றாங்க. நீங்க என்ன துக்கம் விசாரிக்கவா எழுதுனீங்க?" என்றாள். துக்கம் விசாரிக்கத்தான் எழுதியிருந்தேன். ஆள் உயிரோடு வடை தின்றுகொண்டிருக்கும்போதே.

ஒரு சாதா கார்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் எழுதியிருந்த பக்கங்களில் கார்டில் எழுதக் கூசாதது எது என்று யோசித்தால், டாக்டரும் கஷாயமும் தாமாகவே உதிர்ந்துபோயின. ஒரே வரிதான் மிஞ்சியது. எழுதினேன். "அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. பேனா: எவர்சில்வர் மூடி. மை: நீலம், தண்ணீர் கலக்காதது." பம்மல் தபால்பெட்டியில் போடும்போது யாரோ என்னைச் சட்டையில்லாமல் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அது உங்களுக்குக் கிடைத்தது. நடந்ததை உங்கள் பதில் கார்டில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தபால்காரர் கேட்டருகே சைக்கிளை நிறுத்தி, கார்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாராம்: "இன்னாம்மா, அந்த சார் ரொம்ப பயந்துகினு கீறாரு. நீ உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எழுதிக் குடு, நானே கையோட எடுத்துகினு போறேன்." நீங்கள் கேட் தூணின் மேல் கார்டை வைத்து எழுதினீர்களாம். அதனால்தான் எழுத்து கோணல் என்று சமாதானம் வேறு. இடம் தீர்ந்துபோகிற அளவுக்குத் தபால்காரர் கதையை எழுதிவிட்டு, ஓரத்தில் பொடியாக, "எனக்கும் பயம்தான். இரண்டு பேரும் பயந்தாயிற்று. இனி வேலையைப் பார்ப்போம்" என்று முடித்திருந்தீர்கள்.

நாம் வேலையைப் பார்த்தோம். திருநீர்மலைக்குப் போய் உங்கள் பேரில் அர்ச்சனை செய்தேன், சர்ச்சுக்குப் போகிறவருக்கு ஆட்சேபணை இல்லையே என்று எழுதினேன். "என்ன நட்சத்திரம் சொன்னீர்கள்? எனக்கே தெரியாதே" என்று கேட்டீர்கள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? பெருமாள் நட்சத்திரத்தையே சொல்லிவைத்தேன், திருவோணம் என்று பதில் போட்டேன். அதற்கு வந்த கார்டை என் மனைவி கதவிலிருந்தே சிரித்துக்கொண்டு எடுத்து வந்தாள். "அப்படியானால் உங்கள் பெருமாளும் நானும் ஒரே நட்சத்திரம். எங்கள் பாஸ்டரிடம் சொல்லவில்லை."

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை வீங்கிக்கொண்டது. அது நீங்கள் எழுதும் கை. எழுத்து பெரிதானது, வரிகள் குறைந்தன. ஒரு கார்டுக்கு நாலு வரி என்றிருந்தது பிறகு இரண்டானது. ஒருமுறை, "மழை. காபி. பச்சை." என்று மட்டும் வந்தது. அதில்கூடப் பேனாவையும் மையையும் குறிக்கும் வழக்கத்தைப் பாதியாவது காப்பாற்றியிருந்தீர்கள். நான் பதிலுக்கு நீளமாக எழுதினேன். என் மேலதிகாரியைப் பற்றி, மை ஒழுகும் பேனாவைப் பற்றி, கூட்டத்தில் புதிதாக ஊதா மையோடு வந்து நீலக் கட்சியையும் பச்சைக் கட்சியையும் ஒருசேரக் கோபப்படுத்திய ஆளைப் பற்றி. உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சொல்ல இருந்தால் நீங்களே சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சர்ச்சில் உங்களைக் கிடத்தியிருந்தபோது உங்கள் விரலில் பச்சைக் கறை இருந்ததைப் பார்த்தேன். யாரோ துடைத்திருக்கிறார்கள், போகவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் சில வாரங்கள் தபால் வரும் நேரத்தில் கதவருகே வேலை வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று வழியில் இருக்கும் என்று நம்பினேன். இல்லை. நீங்கள் எழுதவில்லை. எழுத முடிந்த அன்றெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டீர்கள், பாக்கி வைக்கவில்லை. அதுதான் உங்கள் குணம் என்று மெல்லத்தான் புரிந்தது.

இனி, இன்று வந்த கார்டு. உங்கள் வீட்டுக்காரர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். எல்லோரும் படிக்கலாம், கார்டுதானே.

"தம்பி, அவள் இங்க் பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது. கொட்ட மனம் வரவில்லை. தபால்காரர் கேட்டைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்காமல் போகிறார். சாயங்காலம் ஆனால் இந்த வீட்டில் இருக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. போனில் சொல்ல வரவில்லை. பேனா: அவளுடையது. மை: அவளுடையது."

மனைவி பின்னால் நின்று படித்தாள். எப்போதும்போல முழுசாக. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பைக்க எடுத்துட்டு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள். போவேன். இந்த ஞாயிறே அவரைக் கூப்பிட்டுக்கொண்டு தாம்பரத்து மாடிக்குப் போவேன், உங்கள் நாற்காலியிலேயே உட்காரவைப்பேன், பச்சைக் கட்சிக்கு ஆள் வேண்டுமே. ஆனால் அவர் கேட்டது கார்டு. உங்கள் வீட்டுக் கேட்டருகே தபால்காரர் சைக்கிள் மறுபடி நிற்க வேண்டும்.

நீலம் நிரப்பிய பேனாவை எடுத்து, ஒரு சாதா மஞ்சள் கார்டில் எழுதினேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "சார், எனக்கும் பயம்தான். இரண்டு பேரும் பயந்தாயிற்று. இனி வேலையைப் பார்ப்போம். உடனே பதில் போடுங்கள், மை காய்ந்துவிடும்." மூலையில் பேனாவையும் மையையும் குறித்தேன். பம்மல்வரை நடந்துபோய்ப் பெட்டியில் போட்டேன். யார் படிப்பார்கள் என்ற கூச்சம் இந்த முறை துளியும் இல்லை. முடிச்சூர்த் தபால்காரர் படிக்க வேண்டும் என்றே கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.

கார்டு வழியில் இருக்கிறது அக்கா.