சட்டையைத் தர மாட்டேன்

மார்ச் 28, வெள்ளி

காலையிலிருந்து மூடுபனி. நான் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் குறைவு, பாதிப் பேருக்குச் சளி. பால்மா கரைத்தது, தொட்டில் துணி அலசியது. நுளம்புத்திரி வாங்க மறந்தது.

மத்தியானம் நோர்வேயிலிருந்து இவர் கூட்டாளி சிவா அண்ணன் போன் எடுத்தார். பனிச்சரிவில் இவரைத் தேடுவதை நிறுத்திவிட்டார்களாம். மேலே இன்னும் பனி ஏறி நிற்கிறது, தேடப் போகிறவர்கள் மேலேயும் சரிந்துவிடும் என்று பொலிஸ் சொல்லிவிட்டதாம். பனி உருகினால் தானாகத் தெரியுமாம். எப்போது உருகும் என்றேன். மே கடைசி. சில வருஷம் ஜூன்.

அதுவரை என் புருஷன் பனிக்கு அடியில். நான் இங்கே பால்மா கரைத்துக்கொண்டு.

அத்தையிடம் சொன்னேன். அவர் பெற்ற மகன். போய்க் கோழியை அடைத்தார்.

மார்ச் 30, ஞாயிறு

பசறைச் சந்தை. கத்தரிக்காய், கருவாடு, சவர்க்காரம், அத்தைக்கு முழங்கால் தைலம். பஸ்ஸில் நெரிசல். நான் முன்னால் நிற்பது தெரியாமல் பின்சீட்டில் இரண்டு பேர்.

"இன்னும் தாலியப் போட்டுக்கிட்டுத்தான் திரியுது."

"பாவம், பொணம் கெடைக்கலயாமே."

பாவமாம். இறங்கும்போது திரும்பி நன்றாக ஒரு சிரிப்புச் சிரித்தேன். இரண்டுக்கும் மூஞ்சி செத்துப்போனது.

வீட்டுக்கு வந்தால் கோயில் பூசாரி உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார். அத்தை கூப்பிட்டிருக்கிறார். உடம்பு இல்லாவிட்டால் அவர் உடுத்தின சட்டையை வைத்துக் கருமாதி செய்யலாம், ஆற்றில் விடலாம், குற்றமில்லையாம். வருஷப்பிறப்புக்கு முன் முடித்தால் நல்லதாம். அன்றைக்கே தாலியையும் இறக்கிவிடலாம் என்று எனக்குக் கேட்காத மாதிரிச் சொன்னார். நன்றாகக் கேட்டது. இவர் சட்டை இருக்கும் அலுமாரியின் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

பூசாரி போனதும் சண்டை. "எம்மவன் தாகத்தோட அலையிறான் புள்ள. ஒரு வாய்த் தண்ணி எறைக்க விட மாட்டேங்கிற" என்றார் அத்தை. கண்ணால் பார்க்காமல் சட்டையும் தர மாட்டேன், தாலியும் கழற்ற மாட்டேன் என்றேன். அவர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 2, புதன்

வெயில். போர்வை காயப்போட்டேன்.

சிவா அண்ணனுக்கு நானே எடுத்தேன். அங்கே முதலில் ஹோட்டல் சமையலறையில் இவரோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன். பனியில் சறுக்கும் பலகை காலை விட்டுக் கழன்றிருக்குமா என்று கேட்டேன். கழன்றிருந்தால் பனிக்கு மேலே வந்திருக்கலாம், எங்காவது ஒதுங்கியிருக்கலாம். பைத்தியக்கார நினைப்புத்தான்.

"தங்கச்சி, ஒளிக்காமச் சொல்லுறன். மற்ற ஸ்கீ எண்டால் இழுபட்ட உடன சப்பாத்தை விட்டிடும். இவர் போட்டது டெலிமார்க் எண்ட வகை. குதிக்கால் எழும்பும், முன்பக்கம் விடாது. கழலுற மாதிரிப் புதுசும் இருக்கு. இவரின்ரது பழைய கேபிள் பூட்டு."

பனி ஓடும்போது பலகை காலைக் கீழே இழுக்குமாம். நீந்தவும் விடாதாம்.

எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் முதலில் வந்தது. பிறகு சேர்ந்த ஸ்கீ கடையில் இவருக்கு வேலையே அந்தப் பூட்டுகளை மாட்டுவதுதானே! வருகிறவர்களிடமெல்லாம் கழலுகிற வகையை வாங்குங்கள் என்று சொன்னவர், ஸ்டோரில் கிடந்த பழசை முதலாளி சும்மா கொடுத்தார் என்று வீடியோவில் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டார். திரும்பும்போதெல்லாம் முட்டி போட வேண்டும் செல்வி, கோயிலில்கூட நான் இவ்வளவு கும்பிட்டதில்லை என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

போனில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடமெல்லாம்:

தனியாகப் போகக் கூடாது.
பனியில் புதைந்தால் ஆளைக் காட்டிக்கொடுக்கும் சிக்னல் பெட்டியை நெஞ்சில் கட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும்.
சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

போனது தனியாக. சிக்னல் பெட்டி கடை ஆணியில் தொங்கியதாம். ஏன் என்று அண்ணனுக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. புதுத்துணி இல்லை. லயத்து வீடுகளில் ஒரே பட்டாசு.

பக்கத்து வீட்டு ராணி அக்கா தட்டில் முறுக்கும் பயத்தம் பலகாரமும் கொண்டுவந்து வாசலிலேயே நின்றது. துக்க வீட்டுக்குத்தான் அப்படிக் கொண்டுவருவார்கள். அதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது என் கழுத்தைப் பார்க்காமல் பேச ரொம்பக் கஷ்டப்பட்டது. வாங்கினால் நானே ஒத்துக்கொண்ட மாதிரி. வாங்காவிட்டால் அத்தைக்கு இன்றைக்கு வெறும் சோறு.

வாங்கினேன். அத்தை ஒரு முறுக்கை எடுத்தார். கடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

ஏப்ரல் 23, புதன்

மூன்று மணியிலிருந்து அடைமழை, இடி. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, சரியலாம் என்று கிராம சேவகர் ஆள் அனுப்பினார். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு. பாய், போர்வை, அரிசி, அத்தையின் மருந்து, இவர் சட்டை வைத்த பை. கோழியை அத்தை கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டார். சொன்னால் கேட்கிற ஆளா?

ஏப்ரல் 24, வியாழன்

விடிந்ததும் பளிச்சென்று வெயில். அதிகாரிகள் யாரும் இன்னும் வரவில்லை, அதற்குள் ஆளாளுக்குப் பாயைச் சுருட்டினார்கள். ராணி அக்கா கூந்தலை முடிந்துகொண்டே சொன்னது: "வெயில் வந்திருச்சு, இனி பயமில்ல. வாங்க போவோம்."

சுருட்டின பாயைத் திரும்ப விரித்தேன்.

இவர் கடைசியாக அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் இதுதான். அச்சு அசல் இதுதான். "நாலு நாளா ஒரே பனிக்காத்து செல்வி. இன்னைக்கு வெயில் வந்திருச்சு, இனி பயமில்ல. கடை தொறக்கறதுக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வந்துர்றேன்."

சிவா அண்ணனுக்கு அங்கிருந்தே எடுத்தேன். தூக்கக் கலக்கத்தில் பேசினார். பனி மலையில் அப்படியில்லையாம். கொட்டி முடித்து முதல் வெயில் வருகிற நாள்தான் ஆக மோசமாம். புதுப்பனி பிடிப்பில்லாமல் நிற்குமாம், ஒரு ஆள் மிதித்தாலே போதுமாம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியுமாம்.

இவர் இந்த ஊர்ப் பிள்ளை. மழைக்குப் பயந்து, வெயிலைப் பார்த்ததும் பாய் சுருட்டி வளர்ந்தவர். எத்தனை வருஷம் இதே பள்ளிக்கூடத்தில் படுத்திருப்பார். கடையில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தலையில் இருந்திருக்கும். வெயிலைப் பார்த்ததும் உடம்பு நம்பிவிட்டது. ஐயோ, உங்களை நான் எப்படித் திட்டுவேன்.

அத்தையை விடவில்லை. சாயந்தரம் வரை பள்ளிக்கூடத்திலேயே உட்கார்த்திவைத்தேன். ஏசிக்கொண்டே இருந்தார்.

மே 9, வெள்ளி

வெளிச்சம் இருக்கும்போதே தலைவலி. தெமோதரைக்குப் போய்க் கண்ணாடி மாற்ற வேண்டும். காம்பராவில் ஒரு பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது, என் விரலைக் கடித்துக் காட்டியது.

அத்தை இப்போது சட்டை கேட்பதில்லை. கீரை ஆய்ந்துகொண்டே, "அங்க ரொம்பக் குளிருமா புள்ள?" என்றார். பனிக்கு உள்ளே அவ்வளவு குளிராது, மேலேதான் குளிரும் என்று சிவா அண்ணன் சொன்னதாகச் சொன்னேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அத்தை தலையாட்டினார். பிறகு இரண்டு பேரும் ஒரே சட்டியில் போட்டுச் சாப்பிட்டோம்.

மே 29, வியாழன்

காற்று. கூரைத் தகரம் அடிக்கிறது.

கிடைத்துவிட்டார். ஓடைக்கரையில் பனி இறங்கியிருக்கிறது, நாயோடு நடந்த யாரோ பார்த்திருக்கிறார்கள். இரண்டு காலிலும் பலகை. கேபிளை வெட்டித்தான் எடுத்தார்களாம்.

சொந்தக்காரர் ஒருவர் பார்த்துப் பொலிஸுக்குச் சொல்ல வேண்டுமாம். முகம் வேண்டாம் தங்கச்சி என்று சொல்லிவிட்டு, சிவா அண்ணன் காலை மட்டும் படமெடுத்து அனுப்பினார். கெண்டைக்காலில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு. நான் மஞ்சள் வைத்துக் கட்டினது. அண்ணன் லைனில் காத்திருந்தார். அடையாளம் தெரியுதா தங்கச்சி, அவர்தானா என்று மெதுவாகக் கேட்டார்.

அத்தை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கருமாதி, கருமாதி என்று என் உயிரை எடுத்த மனுஷி.

"இல்லன்னு சொல்லு புள்ள. எம்மவன் இல்லன்னு சொல்லிரு."

ஆமாங்கண்ணே, அவருதான் என்றேன்.