சாட்சியில் வராத பெயர்

5 ஜூலை 2024, வெள்ளி

இங்கே வெள்ளிதான் வார விடுமுறை; இன்று சபை ஆராதனையில் சாட்சி சொன்னேன். போன மாதம் திகாம் பத்து ஊர்ச் சாலையில் லாரி இடித்த கம்பெனி வேனில் என் மகள் ஜெயமலரும் இருந்தாள். ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கி வந்தாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லாமல் இருக்க முடியுமா? மைக்கைப் பிடித்தால் எனக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. "தினமும் ஜெபிக்கிற வீட்டுப் பிள்ளையைக் கர்த்தர் கைவிடமாட்டார்" என்றேன். சபை முழுக்க அல்லேலூயா. பெருமையாகத்தான் இருந்தது.

மைக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கடைசி வரிசையில் பிரேமாவதியைப் பார்த்தேன். அவள் மகள் சாந்தினியும் அதே வேனில் போனவள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்; இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பிரேமாவதி என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6 ஜூலை

அவளுக்கு ஷிப்ட் வேலை. ஆராதனைக்கு வருவதே அபூர்வம். நேற்று வருவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இது என்ன கேள்வி? அவள் வராவிட்டால் மட்டும் அப்படிப் பேசலாமா?

8 ஜூலை

சாப்பிட உட்கார்ந்தபோது ஜெயமலர் வெடித்துவிட்டாள்.

"ம்மா, அன்னிக்கு கதவு பக்கத்து சீட்டு என்னோடது. வயித்து வலி தாங்கல, கொஞ்சம் படுத்துக்கணும்னு சொன்னேன். சாந்தினிதான் பின்னாடி சீட்ட எனக்குக் குடுத்துட்டு அங்க போய் உக்காந்தா. நீங்க மைக்ல என்னென்னமோ பேசுறீங்க."

"ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க? வீட்டுக்கு வந்ததுமே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு அழ ஆரம்பிச்சிட்டீங்களே."

பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக் கழுவப் போனேன். ஐயோ, என்ன வாய் எனக்கு!

9 ஜூலை

முழங்காலிட்டேன். ஜெபம் வரவில்லை. நான் நன்றி சொல்லவேண்டிய பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். நான் மேலே பார்த்தே சொல்லி முடித்துவிட்டேன். ஆண்டவருக்குச் சொன்னது பொய்யா? பொய்யில்லை. பாதி.

13 ஜூலை

பாக்கார் ஆராங் பகுதியில் இருக்கும் பிரேமாவதி வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சீட்டு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும் நளினிக்கா. கண்ணு முழிச்ச அன்னிக்கே சாந்தினி சொல்லிட்டா."

கேட்டை மூடப்போனவள் நின்றாள். பிறகு அவளே சொன்னாள்:

"நீங்க சாட்சி சொல்லப் போறீங்கன்னு பாஸ்டர் சொன்னாரு. அதுக்குத்தான் லீவு போட்டுட்டு வந்தேன். அவ பேரச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்க்கா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எப்படிக் கார் ஓட்டி வீடு வந்தேன் என்று தெரியவில்லை.

19 ஜூலை, வெள்ளி

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்று பாஸ்டருக்கு மெசேஜ் போட்டேன். தலைக்கு ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் விழிக்கப் பயம்.

26 ஜூலை, வெள்ளி

"யாருக்காவது சாட்சி இருக்கா?" என்று பாஸ்டர் கேட்டார். இன்று எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

பிரேமாவதி எழுந்தாள். மைக் வேண்டாம் என்று கை காட்டினாள்.

"சாந்தினி வீட்டுக்கு வந்துட்டா. ஜெயமலரும் நல்லா இருக்கா. ரெண்டு பேருக்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டாள். என் மகள் பெயரை அவள் சொன்னாள்.

அதன் பிறகுதான் எழுந்தேன். "சாந்தினி" என்றேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து அழுதேன். இன்று என் சாட்சி அவ்வளவுதான்.