கதவைத் தாழிட்டவள்

மார்ச் 3, செவ்வாய்

சீட்டுக் குலுக்கியதில் எங்கள் குழுவுக்கு நான்தான் இயக்குநர். மாலைநேரத் திரைப்பட வகுப்பில் எழுபத்தொரு வயது மாணவி நான் ஒருத்திதான். ஐந்து நிமிடத் திரில்லர் எடுக்க வேண்டும். பார்ப்பவர்கள் பயந்தால் இரண்டாம் ஆண்டில் இடம். "சிரிச்சிட்டாங்கன்னா முடிஞ்சுது" என்றார் ஆசிரியர். குழுவில் இன்னும் இருவர்: பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் சுருட்டைமுடிப் பெண், கேமராவுக்கு. பேருந்து ஓட்டுநர் ஒருவர், ஒலிக்கும் எடிட்டிங்குக்கும். கொலைகாரனும் அவரே.

மகன் போனில், "ஒரு வருஷம் பொழுது போச்சுல்ல, போதும்மா" என்றான். பொழுதா? அவன் அப்பா போன பிறகு இந்த ஒரு வருடம்தான் ஏதோ ஒன்றை எதிர்பார்த்துக் காலையில் எழுந்திருக்கிறேன். அதை அவனிடம் சொல்ல மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

பதினொரு திரில்லர் பார்த்து முடித்தேன். எல்லாவற்றிலும் இருப்பவை: மின்சாரம் போகும். போன் செத்துப்போகும். பூனை பாயும். கண்ணாடியில் பின்னால் ஓர் உருவம். சத்தம் கேட்ட பக்கமே கதாநாயகி தனியாகப் போவாள். ஒன்றைக்கூட விடாமல் சேர்த்துவிட்டேன். கான்வென்ட்டில் பழகிய கை. அடிக்கோலால் கோடு போட்டுத்தான் ஷாட் பட்டியல்.

மார்ச் 8, ஞாயிறு

நடிக்க என் நாத்தனார் சம்மதித்துவிட்டாள். அறுபத்தாறு வயது, தனிக்கட்டை.

"நான் சாகணுமா அண்ணி?"

"கடைசியில."

"அப்ப சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சுக்குங்க."

மார்ச் 15, ஞாயிறு

படப்பிடிப்பு, என் வீட்டில். வெளியே சுட்டெரிக்கும் வெயில், உள்ளே கம்பளி போர்த்திய ஜன்னல்கள். பக்கத்து வீட்டுப் பூனையை இரவல் வாங்கினோம். பாயவில்லை, தூங்கியது. கடைசியில் சுருட்டை அதைத் தூக்கிப் போட்டாள்.

சமையலறையில் சத்தம் கேட்கும் காட்சி. நாத்தனார் அசையவில்லை.

"போ" என்றேன்.

"எதுக்கு?"

"சத்தம் கேட்டுச்சுல்ல?"

"கேட்டா? புத்தி இருக்கறவ யாராவது போவாளா? தனியா இருக்கறவ நான். என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்."

சமையலறைக் கதவைத் தாழிட்டாள். நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டாள். மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எனக்கு வந்த கோபத்தில் 'கட்' சொல்லவும் வாய் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற ஓட்டுநருக்கு இது எதுவும் தெரியாது. சொன்னபடி கைப்பிடியைத் திருப்பினார். மெதுவாக. திறக்கவில்லை. மறுபடியும். நாத்தனார் திரும்பிப் பார்க்கவே இல்லை. கத்தரிக்கோலை மட்டும் வலது கைக்கு மாற்றினாள்.

பிறகு திட்டித் தீர்த்தேன். நான்காவது டேக்கில் ஒருவழியாகப் போனாள், காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி. குத்துப்பட்டு ஒழுங்காகச் செத்தாள்.

மார்ச் 20, வெள்ளி

வகுப்பில் வெள்ளோட்டம். பூனை பறந்து வந்ததும் ஒருவர் சிரித்தார். கண்ணாடி உருவத்துக்கு இரண்டு வரிசை. கத்தி வந்தபோது ஆசிரியரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அடுத்து என்னன்னு முன்னாடியே தெரிஞ்சுடுது மேடம். இன்னும் ஒரு வாரம் இருக்கு."

அழவில்லை. சரி, அழுதேன். கொஞ்சம்.

மார்ச் 21, சனி

இந்த வயசுல இது எனக்குத் தேவையா?

மார்ச் 22, ஞாயிறு

ஓட்டுநர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால். "நான் செத்தது பிடிக்கலையாமா அவங்களுக்கு?" என்று நாத்தனாருக்குக் கவலை.

ஓட்டுநர் எடுத்ததையெல்லாம் வரிசையாகப் போட்டுக் காட்டினார். இடையில் அந்தக் கதவுக் காட்சி வந்தது.

"டைரக்டரம்மா, இது என்ன?"

"தப்பான டேக். தள்ளுங்க."

தள்ளவில்லை. கைப்பிடி திரும்பியபோது மேசை விளிம்பை யாரோ இறுகப் பிடித்திருந்தார்கள். பார்த்தால் என் கை! அன்று பக்கத்திலேயே நின்று பார்த்தவள் நான், எனக்கே இப்படியா? போவாள் போவாள் என்று காத்திருக்கிறோம், அவள் போவதில்லை. தப்பிக்க வழியில்லாமல் நாமும் அவளோடு அந்த அறையில் மாட்டிக்கொள்கிறோம்.

மின்சாரம் போவதும் சத்தமும் இருக்கட்டும். அவை இல்லாவிட்டால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். மற்றதெல்லாம்? கண்ணாடி ஷாட்டுக்கு மட்டும் மூன்று மணிநேரம் விளக்கு வைத்திருந்தேன்.

"வெட்டுங்க" என்றேன்.

"அப்ப நான் சாகலையா?" நாத்தனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மார்ச் 28, சனி

அரங்கம் நிறைந்திருந்தது. வேலை இருக்கிறது, வர முடியாது என்று மகன் நேற்றே சொல்லிவிட்டான். வராவிட்டால் போகிறான்.

எங்கள் படம் ஐந்தாவது. மின்சாரம் போனதும் ஒருவர் கொட்டாவி விட்டார். நாத்தனார் தாழிட்டாள், உட்கார்ந்தாள். கொட்டாவி பாதியில் நின்றது. கைப்பிடி திரும்பியது. ஒருமுறை. இரண்டாம் முறை. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் —

"அத்தை! பின்னால பாருங்க!"

என் மகன்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே வார்த்தைதான் தொண்டையில் இருந்திருக்கும்.

வாசலில் அவனைப் பிடித்தேன். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றான். என் வாழ்நாளில் இதைவிடப் பெரிய பாராட்டு வாங்கியதில்லை.

ஜூன் 1, திங்கள்

இரண்டாம் ஆண்டு வகுப்பு மாடியில். நாற்பத்திரண்டு படி. நடுவில் ஒருமுறை நின்றேன், யாரும் பார்க்கவில்லை.

இந்த முறை காதல் கதையாம். நாத்தனாரிடம் சொன்னேன்.

"ஜோடி யாருன்னு முதல்ல சொல்லுங்க அண்ணி. அப்புறந்தான் கால்ஷீட்" என்கிறாள்.

கால்ஷீட்டாம்!